போத்தல் கச்சான்

முறிகண்டியில் பஸ் நிற்கும் பத்து நிமிடம்தான் எனக்குச் சந்தை.
இறங்குகிறவர்கள் முதலில் பிள்ளையாரிடம்,
பிறகு எங்களிடம்.
மற்றவர்களின் கச்சான் பேப்பர்ச் சுருளில் இருக்கும்.
என்னுடையது போத்தலில்.
கழுவி, வெயிலில் கவிழ்த்துக் காயவைத்து
கழுத்துவரை நிரப்பிய காலும் அரையும் முழுசும்.

கோயிலடியில் சாராயப் போத்தலோ என்று
ஒருமுறை பொலிஸ் வந்து மணந்து பார்த்தது.
மணந்தவர் ஒன்றைக் கொண்டும் போனார்.
காசு தரவில்லை.

எங்கை பழகினீங்கள் இதை என்று கேட்பார்கள்.
லோமே என்பேன்.
றோமோ?
இல்லை, லோமே. டோகோவின் தலைநகரம். ஆபிரிக்கா.
அங்கை என்னத்தைப் பார்க்கப் போனனீங்கள்?

இதையேதான் கட்டுநாயக்காவிலும் கேட்டார்கள்,
திருப்பி அனுப்பப்பட்டு வந்திறங்கிய அன்று,
எனக்குக் கதிரை போடாத ஓர் அறையில்.
கடவுச்சீட்டில் பிரெஞ்சில் அடித்திருந்தது:
சுற்றுலாப் பயணி.

பார்த்தது ஒரு சுவர்.
பதினொரு பேர், ஒரு மின்விசிறி,
ஏஜென்சிக்காரனின் 'இன்னும் நாலு நாள்.'
அந்த நாலு நாள் ஏழு மாதம் ஓடியது.
யன்னலுக்கு வெளியே எங்கேயோ கடல் இரைந்தது.
அதற்கு முதல் நான் கேட்ட கடல் முள்ளிவாய்க்காலில்.
யன்னலைச் சாத்திவிட்டுப் படுத்தேன்.

வீட்டுக்காரி அஃபி விடியக் கதவைத் தட்டி
வோயேஸோ என்பாள். நல்வரவு.
அதற்கு 'யோ' என்று பதில் சொல்லவேணுமாம்.
எங்களுக்கு அது தெரியாது,
வெறும் வயிற்றோடு ஐயோ என்றோம்.
பெடியள் பாஷை பிடித்துவிட்டார்கள் என்று
கைகொட்டிச் சிரித்தாள்.
மரவள்ளி மாக் களியும் மீன் குழம்பும்
கடனுக்குத் தந்தாள்.
கணக்கைக் கதவின் பின்பக்கம் கரியால் கீறினாள்.
விசுவமடுச் சசிதரன் ஒரு வாய் வைத்தான்,
எங்கடை உறைப்படா என்று அழுதான்.
உறைப்பில்தான் அழுதான் என்று
எல்லோரும் ஒத்துக்கொண்டோம்.

ஒரு நாள், ஒரே ஒரு நாள்,
நான் உண்மையிலேயே சுற்றுலாப் பயணி.
அஃபியின் மகன் கொஸ்ஸி ஞாயிறு பின்னேரம்
மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனான்.
தலைநகரம் முடிய நெடுநேரமாகும் என்றிருந்தேன்.
கடற்கரை றோட்டின் ஒரு முனையில் நிறுத்தி
கையை நீட்டி, கானா என்றான்.
படலைக்கு அந்தப்பக்கம் வேறு நாடு.

ஒரே நாட்டுக்குள்ளே ஓமந்தையில்
செருப்பைக் கழற்றி நின்றவன் நான்.
இங்கே தலையில் தக்காளிக் கூடையோடு ஒருத்தி
காவலாளியை ஏசிக்கொண்டே எல்லை தாண்டினாள்.
கொஞ்ச நேரத்தில் வெறுங்கூடையோடு
மிச்சத்தையும் ஏசிக்கொண்டே திரும்பி வந்தாள்.
அவன் பல்லுக் குத்திக்கொண்டிருந்தான்.

நான் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.
சிலை, பெரிய சந்தை, கொஸ்ஸி காட்ட இருந்த எல்லாம்
இருட்டிப் போயிற்று.

வழியில் ஒரு போத்தல் கச்சான் வாங்கித் தந்தான்.
ஜின் போத்தல், லேபல்கூட உரிக்காதது.
ஓடிக்கொண்டே கையைப் பின்னால் நீட்டுவான்.
நான் கவிழ்ப்பேன்.
பாதி அவனுக்கு, பாதி லோமேயின் காற்றுக்கு.

சசிதரன் பிறகு ஏதோ ஒரு கப்பலுக்குப் போனான்.
அவனுடைய தாய் வவுனியா போகிற பஸ்ஸில்
இரண்டு மாதத்துக்கு ஒருக்கால் இதில் இறங்குவா.
ஒன்றும் கேட்கமாட்டா.
அரைப் போத்தல் ஒன்றை எடுத்துக் குலுக்கி
காதில் வைத்துப் பார்ப்பா.
காசை எண்ணித் தருவா.

இன்று ரொறன்ரோவிலிருந்து வந்த பிள்ளை ஒன்று,
கழுத்தில் கமரா, ஊர் ஊராய்ச் சுற்றுகிறவளாம்.
அங்கிள், லோமேக்குப் போனால் எதைக் கட்டாயம் பார்க்கவேணும்?

அஃபி வீட்டுக் கதவு, பின்பக்கம்.
விடியப்புறம் எங்களை ஏற்றிக்கொண்டு போனபோது
பதினேழு கீறு மிச்சம் இருந்தது.
அழிக்கச் சொல்லு, பிள்ளை.
காசு இப்ப தாறன்.

றைவர் ஹோர்ன் அடிக்கிறான்.
அவள் சிரித்துக்கொண்டே ஏறுகிறாள்.
நான் இன்னும் எண்ணிக்கொண்டு நிற்கிறேன்.